தோற்பதற்காக எழுதிய கூலி

வக்கீல் வெண்மதி தாள்களைப் புரட்டி முடித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த நான்கு பேரையும் பார்த்தார். பிறகு செங்கமலத்தை மட்டும் இன்னொரு முறை பார்த்தார். அந்த இரண்டாவது பார்வையை மற்ற மூவரும் கவனித்துவிட்டார்கள்.

நால்வரும் நெய்வேலி டவுன்ஷிப்பில் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள். குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்குவது, பூங்காக்களில் புல் வெட்டுவது, சாக்கடை தூர் வாருவது போன்ற வேலைகள். விடியற்காலையில் சடையப்பனின் காரில் கிளம்பிச் சென்னைக்கு வந்திருந்தார்கள். சடையப்பன் பண்ருட்டிக்காரர், நால்வரில் மூத்தவர், முந்திரிக் கொட்டகையும் வைத்திருந்தார். கொளஞ்சிநாதனும் செங்குட்டுவனும் அவரைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். செங்கமலம், கணவர் ராஜாங்கம் இறந்த பிறகு அவருடைய லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்தவள்.

வழக்கு எளிமையானதுதான். ஆள் கூலி மட்டுமே உள்ள வேலைக்கு வரி கிடையாது என்று அரசே சொல்லியிருந்த வருஷங்களில் இவர்கள் வேலை செய்தார்கள். வரி கட்டவில்லை, வேலை கொடுத்த டவுன்ஷிப் நிறுவனத்திடம் வரி வாங்கவும் இல்லை. போன வருஷம் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள். அந்த விலக்கு இந்த மாதிரி வேலைகளுக்கு எப்போதுமே கிடையாது, பழைய வருஷங்களுக்கும் இதுதான் பொருள் என்றது அது. வட்டியோடு கட்டச் சொல்லி நான்கு பேருக்கும் நோட்டீஸ் வந்தது. செங்கமலத்துக்கு மட்டும் அதோடு நிற்கவில்லை. டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்தில் இருந்த அவள் வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். மற்றவர்களுக்கு லாரி, தோப்பு, கடை என்று எவ்வளவோ இருந்தது, ஆனால் எதுவும் அவர்கள் பேரில் இல்லை. செங்கமலத்தின் பேரில் அந்த வீடு இருந்தது. மாடிக்குப் படி கட்டுவதற்குள் ராஜாங்கம் போய்விட்ட வீடு. அவளுக்கு இருந்ததும் அது ஒன்றுதான்.

நேற்றுப் போட்ட சட்டம் என்றைக்கோ முடிந்துபோன வேலையை வந்து பிடிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் நால்வரும் சேர்ந்து மனுப் போட்டிருந்தார்கள். அதற்கு அரசுத் தரப்பின் பதில் வந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வெண்மதி வரச் சொல்லியிருந்தார்.

பதிலின் சாரம் இதுதான்: வரி உண்டு என்று இவர்களுக்கு அப்போதே தெரியும். அதற்கு ஆதாரமாக அந்த வருஷங்களில் இவர்கள் போட்ட டெண்டர்களையே இணைத்திருந்தார்கள். கிடைத்த டெண்டர்களை அல்ல, தோற்றுப்போன டெண்டர்களை.

“நீங்க ஜெயிச்ச டெண்டர்ல வரின்னு எதுவுமே இல்ல. தோத்த டெண்டர்ல எல்லாம் வரின்னு ஒரு தொகை காட்டியிருக்கீங்க. வரியே கிடையாதுன்னு நெனச்சவங்க அத எதுக்குப் போட்டீங்க?” என்று கேட்டார் வெண்மதி.

மின்விசிறி மேசைமேல் இருந்த தாளின் மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

“செங்கமலம் மட்டும் போடல. ஒரு டெண்டர்லகூட.”

இந்த முறை மூவரும் நேராகவே செங்கமலத்தைப் பார்த்தார்கள்.

வக்கீலிடம் சொல்ல முடியாத விஷயம் ஒன்று அவர்களுக்குள் இருந்தது. டெண்டர் வருவதற்கு முன்பே அது யாருக்குப் போக வேண்டும் என்று நால்வரும் உட்கார்ந்து பேசிவிடுவார்கள். யாருடைய முறையோ அவர் கட்டுப்படியாகும் தொகையைப் போடுவார். மற்ற மூவரும் அதைவிட அதிகமாகப் போட்டுத் தோற்பார்கள். அதற்குத் துணைக்குப் போடுவது என்று பேர். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாலை இல்லாமல் பக்கத்தில் நிற்கிறானே, அந்த மாதிரி. துணைக்குப் போடும்போது தொகையை எங்கே ஏற்றுவது என்பதில்தான் சிக்கல். கூலி, சாமான், காண்ட்ராக்டரின் பங்கு என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். சடையப்பன்தான் வழி சொன்னார். வரி என்று ஒன்றைச் சேர்த்து ஏற்றிவிடுங்கள், தோற்கப்போகிற டெண்டரை எவன் படிக்கப்போகிறான் என்றார். கொளஞ்சிநாதனும் செங்குட்டுவனும் அப்படியே செய்தார்கள். சடையப்பனும் தன் முறை வராத வருஷங்களில் அப்படியே செய்தார்.

செங்கமலம் செய்யவில்லை. முதல் முறை துணைக்குப் போடுவதற்காக மெயின் பஜார் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்தபோது வரியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கூலி என்ற கட்டம் விளங்கியது. எப்படியும் தோற்கப்போகிற டெண்டர், என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அன்று காலையில்தான் பெருக்கும் பெண்களுக்கு மேஸ்திரியான தனம் முட்டியைப் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தாள். இந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தால் தகும் என்று தோன்றியதோ அதை அந்தக் கட்டத்தில் எழுதினாள். வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே நகைக்கடையில் ஓர் ஆரத்தைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்ப்பது போல இருந்தது. அடுத்தடுத்த வருஷங்களிலும் அப்படியே எழுதினாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் எழுதினாள். அப்படி எழுதிவிட்டு வீட்டுக்குப் போன நாட்களில் எல்லாம், தான் நல்லவள் என்ற நினைப்பு சாப்பிட்டு முடிக்கும்வரை அவளிடம் இருந்தது. தன் முறை வந்த வருஷங்களில் எல்லோரும் எழுதும் கூலியைத்தான் எழுதினாள்.

வரி போட வேண்டும் என்பது அப்போது தனக்குத் தெரியாது என்று மட்டும் வெண்மதியிடம் சொன்னாள். அது உண்மைதான். ஆனாலும் சொல்லும்போது பொய் சொல்வது போலவே குரல் வந்தது.

திரும்பி வரும்போது காரில், தோற்ற டெண்டர்களை அரசுத் தரப்புக்கு யார் கொடுத்திருப்பார்கள் என்ற கேள்வி ஐந்தாவது ஆள் போல அவர்களோடு உட்கார்ந்து வந்தது. அந்த வருஷங்களின் டெண்டர்களைக் கேட்டிருப்பார்கள், நிறுவனம் இருந்ததை எல்லாம் அனுப்பியிருக்கும், இதில் ரகசியம் எதுவும் இல்லை என்று வெண்மதி சொல்லியிருந்தார். அதை யாரும் நம்பவில்லை. பேசி வைத்தே காரியம் செய்து பழகியவர்களுக்கு, யாரும் பேசி வைக்காமல் ஒன்று நடந்துவிடும் என்று நம்புவது கஷ்டமாக இருந்தது.

விக்கிரவாண்டியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். சடையப்பன் டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“ஏன் தங்கச்சி, நாங்க மூணு பேரும் மாட்டிகினு நிக்கறோம். வரி போட வாணாம்னு ஒனக்கு மட்டும் யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலண்ணா. நான் கூலியிலதான் ஏத்திப் போட்டேன்.”

கொளஞ்சிநாதன் சிரித்தான். “அக்கா கூலிய ஏத்துச்சாம், கேட்டுக்குங்க. நம்ம பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சா மால போட்டு கூட்டிகினு போவாங்க.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “போன மாசம் ஒன்ன கடலூர்ல பாத்தேன்க்கா. வரி ஆபீஸ் வாசல்ல” என்றான்.

ஜப்தியைப் பற்றிக் கேட்கப் போனேன் என்றாள். ஏன் தனியாகப் போனாய் என்று செங்குட்டுவன் கேட்டான். கதவில் ஒட்டியது என் வீட்டில்தானே என்றாள். அவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் ஒப்புதல் எதுவும் இல்லை. அதன்பின் பண்ருட்டி வரை சடையப்பன் முந்திரி விலையைப் பற்றி மட்டும் பேசினார். நெய்வேலி ஆர்ச் கேட்டில் அவளை இறக்கிவிட்டபோது ஜாக்கிரதையாகப் போ என்றார். எப்போதும் சொல்கிற வார்த்தைதான், ஆனால் அன்று அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டொரு நாளில் வெண்மதி போன் செய்தார். தாள்களை மறுபடி படித்ததாகவும், செங்கமலத்தின் நிலை மற்றவர்களுடையது போல் இல்லை என்றும் சொன்னார். அவளுக்கு வரியைப் பற்றித் தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. தனி மனுவாகப் பிரித்துப் போட்டால் வீட்டின் மேல் உள்ள ஜப்தியை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம், சேர்ந்தே இருந்தால் அவர்களோடு சேர்த்து அவளையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்றார்.

செங்கமலம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். தனி மனு என்றால் வக்கீலுக்குத் தனி பீஸ் என்பதுதான் முதலில் தோன்றியது. தன்னைப் பிரித்தெடுக்கச் சடையப்பனே வக்கீலிடம் சொல்லியிருப்பாரோ என்பது அடுத்து. அப்படிச் செய்வதில் அவருக்கு என்ன லாபம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பிடிபடாததாலேயே அது உண்மையாக இருக்கும் என்று பட்டது. கதவில் பசை காய்ந்த இடம் வெளுத்துக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போய் வந்தாள்.

அதற்குள் சடையப்பனும் கொளஞ்சிநாதனும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சடையப்பன் பலாச்சுளைப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்திருந்தார். வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. தெரிந்துகொண்டவர் போலத்தான் பேசினார். இந்தத் தொழிலில் ஒற்றையாய் நின்றவர்கள் யாரும் தேறியதில்லை, ராஜாங்கம் இருந்தவரை ஒரு பேச்சு மீறியதில்லை என்றார். வரி போட நினைத்து மறந்துவிட்டேன் என்று ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் கொடுத்தால் போதும், நால்வரும் ஒரே மாதிரி ஆகிவிடலாம், அவளைக் காட்டி மற்றவர்களை மடக்க முடியாது என்றார்.

“அப்ப என் வூடும் சேந்து போவுமேண்ணா.”

“போவாது. அப்பிடியே போனாலும் நாங்க வுட்ருவமா?”

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லாமல் காபி போட உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து பார்த்தபோது கொளஞ்சிநாதன் எழுந்து, படி கட்டாமல் விட்ட மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். இடத்துக்கு என்ன விலை போகும் என்று மனசுக்குள் கணக்குப் போடும் ஆள் எப்படி நிற்பானோ அப்படி நின்றான். அவன் வெறும் காற்று வாங்கிக்கொண்டுகூட நின்றிருக்கலாம். ஆனால் காபி கொதித்து வருவதற்குள் செங்கமலம் முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் சென்னைக்குப் போய்த் தனி மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

வெண்மதி சொன்னது போலத்தான் நடந்தது. கடைசித் தீர்ப்பு வரும்வரை வீட்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. மற்ற மூவரும், நோட்டீஸில் கேட்ட தொகையில் ஒரு பங்கை முதலில் கட்டட்டும், பிறகு வாதத்தைக் கேட்கலாம் என்று அவர்கள் மனுவில் உத்தரவானது. செய்தி வந்த அன்று செங்கமலம் கதவில் இருந்த காகிதத் துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தாள். முழுதாகப் போகவில்லை. சடையப்பனிடமிருந்து போன் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் காலை, ஆட்கள் கூடும் பூங்கா வாசலுக்கு அவள் போனபோது பெண்கள் வேலையைத் தொடங்காமல் நின்றிருந்தார்கள். எப்போதும் அவள் ஸ்கூட்டி வரும் சத்தம் கேட்டதும் துடைப்பங்களை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் பிரிந்துவிடுவார்கள். இன்று துடைப்பங்கள் கேட்டில் சாத்திக் கிடந்தன. சேலைமேல் ஆண் சட்டை போட்டிருந்த தனம் முன்னால் வந்து, தன் போனை நீட்டினாள்.

அதில் வரிசையாகச் சில படங்கள் இருந்தன. அரசுத் தரப்பு இணைத்திருந்த டெண்டர் தாள்கள், ஒவ்வொன்றின் மேலேயும் செங்கமலத்தின் பேர். யார் அனுப்பியது என்று கேட்டாள். யாரோ குரூப்பில் போட்டார்கள் என்றாள் தனம். செங்கமலத்துக்கு விக்கிரவாண்டி டீக்கடையும் கொளஞ்சிநாதனின் சிரிப்பும் நினைவுக்கு வந்தன. அவனேதான் அனுப்பினானா என்பதை அவள் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

“இதுல கூலின்னு போட்டுருக்கறது எங்க கூலிதானுங்களே?” என்றாள் தனம்.

“ஆமா.”

“இத கம்பெனி குடுத்துச்சு. நீங்க எங்களுக்குக் குடுக்கல.”

“இல்ல தனம். அந்த டெண்டரு எதுவும் எனக்குக் கெடைக்கல. வேற ஆளுக்குப் போயிடுச்சு.”

பின்னால் நின்ற மலர்கொடி, அப்படியானால் கிடைத்த வருஷங்களில் எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டாள். செங்கமலம் சொன்னாள். அவர்கள் கையில் வாங்கும் கூலிதான் அது, அதில் ஒளிக்க எதுவும் இல்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனம் மட்டும் அவள் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“கெடைக்காத வருஷத்துல எல்லாம் நெறய போட்டுருக்கீங்க. கெடச்ச வருஷத்துல எல்லாம் கம்மி. அது எப்பிடிக்கா அப்பிடி அமையும்?”

செங்கமலத்திடம் பொய் தயாராக இருந்தது. வேலை வேறு, பிளாக் வேறு, நிறுவனத்தின் கணக்கு வருஷத்துக்கு வருஷம் மாறும் என்று சொல்லிவிடலாம். வக்கீல்கூடக் கேட்காத கேள்வி இது. ஆனால் என்ன சொன்னாலும் இவர்கள் நம்பப்போவதில்லை என்பது அந்த முகங்களில் தெரிந்தது. நம்பாதவர்களிடம் பொய் சொல்வது வீண் வேலையாகப் பட்டது.

“அது கெடைக்கக் கூடாதுன்னு போட்டது” என்றாள்.

வேறொருவர் முறை, அதனால் தோற்பதற்காகப் போட்டது என்று விளக்கவும் செய்தாள். அவர்கள் மேல் இருந்த இரக்கத்தில்தான் அந்தத் தொகையை எழுதினேன் என்பது வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

தனம் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “அதாவது, எங்களுக்கு இவ்ளோ குடுக்கறேன்னு சொன்னா வேல கெடைக்காதுன்னு தெரிஞ்சிகினேதான் போட்டீங்க.”

“ஆமா.”

“நாங்க ஏதோ நீங்க திருடிட்டீங்கன்னு நெனச்சிகினு இருந்தம்” என்றாள் தனம். திருடியிருந்தாலே தேவலை என்பது போல இருந்தது அவள் சொன்ன விதம்.

மலர்கொடி விடவில்லை. “கவருமெண்டு ஒங்ககிட்ட பழைய வருஷத்துக்கெல்லாம் சேத்து கேக்குதாமே. நாங்களும் அப்பிடி கேக்கலாங்களா?”

யாரோ சிரித்தார்கள். அன்றைக்குப் பேசின கூலியைக் கொடுத்தாயிற்று, என்றோ முடிந்த வேலைக்கு இன்று வந்து கேட்டால் எப்படி என்று செங்கமலம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். வெண்மதி அவளுக்காக எழுதிய மனுவில் இதே வாக்கியம் ஆங்கிலத்தில், இன்னும் நல்ல வார்த்தைகளில் இருந்தது.

அன்று பெண்கள் வேலை செய்தார்கள். ஆனால் யாரும் அவளோடு பேசவில்லை. வருகையைத் தனம் தன் போனில் தனியாகவும் குறித்துக்கொண்டாள். அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

அடுத்த டெண்டர் அறிவிப்பு வந்தது. இந்த முறை செங்கமலத்தைக் கூப்பிட்டுப் பேச யாரும் இல்லை. மற்ற மூவரும் கூடிப் பேசிவிட்டார்கள் என்று மட்டும் காதில் விழுந்தது. இந்த வேலை அவளுக்குக் கிடைக்காவிட்டால் வக்கீலுக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. வழக்கை நடத்த முடியாமல் போனால் வீட்டின் மேல் உள்ள உத்தரவும் நிற்காது. தொகையைக் குறைத்துப் போட வேண்டும், குறைக்க இருந்தது கூலி ஒன்றுதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தனம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

சடையப்பன் ஆள் அனுப்பியிருக்கிறார் என்றாள். அவருக்கு டெண்டர் விழுந்தால் பழைய பெண்களையே வைத்துக்கொள்வாராம், கூலியும் கொஞ்சம் கூட்டிப் போடுவாராம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அவரையும் நம்ப முடியாது என்றாள் தனம். ‘அவரையும்’ என்பதைச் செங்கமலம் கவனித்தாள்.

“நாங்க யாருகிட்ட நிக்கறமோ அவங்களுக்குத்தான் இந்த டவுன்ஷிப்ல வேல நடக்கும். எங்கள மாதிரி எடம் தெரிஞ்ச ஆளுங்கள புதுசா புடிக்க முடியாது. நீங்க அன்னிக்கு எழுதின கூலிய இப்ப நெசமா எழுதுங்க. நாங்க ஒங்ககிட்ட நிக்கறோம்.”

அதை எழுதினால் டெண்டர் கிடைக்காது என்றாள் செங்கமலம். எழுதாவிட்டால் கிடைத்தும் ஆள் இருக்காது என்றாள் தனம். பேச்சு அந்தி வரை நீண்டது. கடைசியில் செங்கமலம் தன் பங்கில் பெரும்பகுதியை வெட்டினாள். தனமும் அந்தப் பழைய தொகையிலிருந்து கொஞ்சம் இறங்கி வந்தாள். இருவருக்கும் நிறைவில்லாத ஒரு தொகையில் வந்து நின்றது.

டெண்டர் போடும் அன்று தனம் கூடவே வந்தாள். கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரை தெரியும்படி நெருங்கி உட்கார்ந்தாள். உடம்பிலிருந்து வெட்டிய புல்லின் வாசம் வந்தது. கூலிக் கட்டத்தில் செங்கமலம் ஒவ்வோர் இலக்கமாக அழுத்தியபோது அவள் உதடு அசைந்தது. எழுதி முடித்துச் சமர்ப்பிக்கும் இடத்தில் செங்கமலம் ஒரு நொடி நின்றாள். இது தோற்றால் வீடு போகும் என்பது தெரிந்தே அழுத்தினாள். திரையில் பச்சை நிறத்தில் டிக் ஒன்று வந்தது.

தனம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செங்கமலத்திடம் கேட்காமல், கல்லாவில் இருந்த கடைக்காரரிடம் திரும்பிக் கேட்டாள்.

“இனிமே இத மாத்த முடியாதுங்களே?”

“கடைசி தேதி வரைக்கும் எப்ப வேணா மாத்திப் போடலாம்மா” என்றார் அவர், நிமிராமலே.

செங்கமலத்துக்கும் அது தெரியும். வரும் வழியில் ஒரு தடவை அதை நினைத்தும் பார்த்திருந்தாள்.

“கடைசி தேதி என்னிக்குங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள் தனம். எழுந்து நாற்காலியை முன்பு இருந்த இடத்துக்கே தள்ளி வைத்தாள்.

“அன்னிக்கும் வரேன்க்கா” என்றாள். “கட சாத்தற வரைக்கும் இருக்கேன்.”